ஒன்பது வருஷத் தேக்கில் ஏன் வைரம் ஏறவில்லை?

கேள்வி: வரப்போரம் திசு வளர்ப்புத் தேக்கு நட்டு 9 வருஷம் ஆகிறது. சொட்டுநீரில் நன்றாகப் பருத்திருக்கிறது. ஒன்றை அறுத்துப் பார்த்தால் நடுவில் மட்டும் கொஞ்சம் வைரம் (கருத்த, கெட்டியான நடுமரம்), மற்றதெல்லாம் வெள்ளை (வெளிறிய வெளிமரம்). வியாபாரி விறகு விலைக்குக் கேட்கிறார். கன்று போலியா? வைரம் ஏற மருந்து உண்டா?

பதில்: கன்றைக் குறை சொல்ல வேண்டாம். மருந்தும் கிடையாது, யாராவது விற்றால் வாங்கிவிடாதீர்கள்.

பட்டையை உரித்தால் வழவழவென்று ஒரு படலம் கையில் ஒட்டுமே, மரம் பருப்பதே அங்கேதான். அதில் பிறந்த செல் உள்பக்கம் ஒதுங்கியதும் 'நாக்' வகை மரபணுக்கள் விழித்து, 'மிப்' வகையைத் தூண்டும். அவை செல்லுலோஸ், லிக்னின் செய்யும் மரபணுக்களை முடுக்க, செல்சுவர் தடிக்கும். தண்ணீர்க் குழாயாக வேண்டிய செல், சுவர் எழும்பிய கையோடு தானாகவே செத்துவிடும். உங்கள் சொட்டுநீர் வளர்த்தது இந்த வெள்ளையைத்தான்.

வைரம் வேறு கதை. வெள்ளையில் மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டு சில செல்கள் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்ளே தள்ளப்பட்ட பிறகு அந்தச் சத்தை டெக்டோகுயினோன் போன்ற பொருள்களாக மாற்றிவிட்டுச் சாகும். கரையான் தேக்கு வைரத்தைத் தொடத் தயங்குவது இதனால்தான். புது வெட்டுமுகத்தில் டிஞ்சர் அயோடின் தடவிப் பாருங்கள்: மாவுச்சத்து உள்ள வெள்ளை கருநீலமாகும், வைரம் ஆகாது. துளைக்கிற வண்டும் அந்த மாவுக்குத்தான் வருகிறது. வெள்ளைப் பலகையில் நிலை, ஜன்னல் செய்யாதீர்கள்.

கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தார் 2018-இல் தேக்கின் மரபணுத் தொகுப்பு வரைவை வெளியிட்டார்கள். வைரம் எவ்வளவு ஏறும் என்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் திசு வளர்ப்பு தாய்மரத்தின் நகல் மட்டுமே. வயதைக் குறுக்கித் தராது. வேகமாக வளர்ந்த தேக்கு என்றாலே பலமில்லை என்று சொல்வதும் சரியில்லை.

வயதும் பருமனும் கூடக் கூட வைரத்தின் பங்கும் கூடும். சரி, இப்போது என்ன செய்யலாம்? நெருக்கமாக இருந்தால் மெலிந்த, கோணலான மரங்களைக் கம்புக்கு விற்றுவிட்டு, நேரானவற்றுக்கு இடம் விடுங்கள். பக்கக்கிளையை விரல் பருமனிலேயே கழித்துவிட்டால் பலகையில் கணு விழாது. வெட்டுமுன் அனுமதி பற்றி வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். நிற்கிற நல்ல மரங்களுக்கு, 20 வருஷமாவது தாண்டாமல் வியாபாரியோடு விலை பேசாதீர்கள்.