கருப்பன் உறுமட்டும், அடக்காதீர்கள்

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பத்து வருஷமாகக் கருப்பன் என்கிற நாட்டு நாய் எங்களோடு இருக்கிறான். போன மாதம் என் தம்பி தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்து விட்டான். அப்போது அதற்கு 35 நாள்தான். சிட்டு என்று பேர் வைத்தோம். எந்நேரமும் கருப்பன் மேலேயே விழுகிறாள். காதைக் கவ்வித் தொங்குகிறாள், படுத்தால் முகத்தில் ஏறுகிறாள். அவன் உறுமுகிறான். போன வாரம் வள்ளென்று பாய்ந்துவிட்டான். குட்டி அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியது. காயம் ஒன்றும் இல்லை. ஆனால் மாமனார் கருப்பனைக் கம்பால் அடித்து, தக்காளி ஷெட்டில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார். குட்டி அங்கேயும் போய்ச் சீண்டுகிறது. அவன் அதைக் கொன்றுவிடுவானா? யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில் கருப்பனை அவிழ்த்துவிடுங்கள், அம்மா. சிட்டுவை ஒரு தடுப்புக்குள் விட்டுவிட்டு அவனை அவிழ்த்துவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். குட்டி தொல்லை கொடுத்தால் வயசான நாய் முதலில் செய்வது, எழுந்து வேறு இடத்துக்குப் போவதுதான். கட்டிப் போட்ட நாய்க்கு அந்த வழி இல்லை. போக இடமில்லாமல், மேலே ஏறும் குட்டியையும் தள்ளிவிட முடியாமல் நிற்கும் நாய்தான் நிஜமாகக் கடிக்கும். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ, அது நடப்பதற்கான சூழலைத்தான் அந்தச் சங்கிலி உண்டாக்குகிறது.

கொன்றுவிடுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்ந்த நாயின் வாயில் 42 பல் உண்டு. இரண்டு மாதக் குட்டியைக் காயப்படுத்த நினைத்திருந்தால் ஒரு நொடி போதும். அவன் பாய்ந்தான், சத்தம் போட்டான், ஆனால் ஒரு கீறல்கூட விழவில்லை. அவ்வளவு கோபத்திலும் பல்லைப் பதிக்காமல் நிறுத்திக்கொண்டான் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். பாய்வதற்கு முன்னால் அவன் பல தடவை சொல்லியும் இருப்பான். முகத்தைத் திருப்பிக்கொள்வது, நாக்கால் மூக்கை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, உடம்பு விறைப்பது, உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டுவது, அதன் பிறகு உறுமுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நாய் வாயைத் திறக்கும். உறுமியதற்கு அடி விழுந்தால் அவன் குட்டியை விரும்பத் தொடங்கிவிட மாட்டான். அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கக் கற்றுக்கொள்வான். இதை உங்கள் மாமனாரிடம் கோபமில்லாமல் எடுத்துச் சொல்லுங்கள். குட்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பதற்றத்தில்தான் அவரும் கம்பை எடுத்திருப்பார்.

சிட்டுவை 35 நாளில் பிரித்துக் கொண்டுவந்ததில்தான் விஷயம் இருக்கிறது. குட்டிகள் கூடப்பிறந்ததுகளோடு கடித்து விளையாடும்போதுதான் கடியை அளக்கக் கற்றுக்கொள்கின்றன. ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் எழுந்து போய்விடும், மீறினால் அதட்டும். இந்தப் பாடத்துக்குக் குறைந்தது எட்டு வாரமாவது தாயிடம் இருக்க வேண்டும். சிட்டுவுக்கு அது கிடைக்கவில்லை. காதைக் கவ்வினால் வலிக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. தாய் சொல்லிக்கொடுக்க வேண்டியதை இப்போது கருப்பன் சொல்லிக்கொடுக்கிறான். அவன் அதட்டி அவள் ஒதுங்கினால், நீங்கள் நடுவில் போகாதீர்கள். குட்டியைத் தூக்கிக் கொஞ்சவும் வேண்டாம்.

அதே சமயம், பாடம் நடத்தும் பாரம் முழுவதையும் பத்து வயது நாயின் தலையில் வைப்பது நியாயமில்லை. ஒரு தடவை அதட்டியும் அவள் மறுபடி பாய்ந்தால் நீங்கள் குட்டியைத்தான் எடுக்க வேண்டும். திட்டாமல், மார்போடு அணைத்து எடுத்துப்போய்த் தடுப்புக்குள் ஒன்றிரண்டு நிமிஷம் விட்டு, அடங்கியதும் வெளியே விடுங்கள். தடுப்புக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டில் தக்காளி அடுக்கும் கிரேடுப் பெட்டிகள் இருக்குமே, சரிந்து விழாதபடி சேர்த்துக் கட்டி ஒரு மூலையை அடைத்தாலே போதும். உள்ளே ஒரு சாக்கு, தண்ணீர், கடிக்க ஏதாவது.

கருப்பனுக்குக் குட்டி ஏற முடியாத ஓர் இடம் கட்டாயம் வேண்டும். திண்ணை இருந்தால் அதுவே நல்லது. அவனுக்கு மூட்டு வலி இருக்கலாம், ஏறுவதற்கு ஒரு கல்லைப் படியாகப் போட்டுவிடுங்கள். அந்தக் கல் குட்டிக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அங்கே அவன் படுத்திருந்தால் யாரும் தொடக்கூடாது, வீட்டுக் குழந்தைகளும்தான்.

எது விளையாட்டு, எது தொல்லை என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. இரண்டும் புரண்டுகொண்டிருக்கும்போது சிட்டுவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கருப்பன் திரும்பி அவளிடமே வந்தால் அவனுக்கும் ஆசை இருக்கிறது, விட்டுவிடலாம். உடம்பை உதறிவிட்டு விலகிப் போனால் அவனுக்குப் போதும் என்று பொருள். நல்ல விளையாட்டில் முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக் கூப்பிடுவது இருக்கும். வாய் தளர்ந்து திறந்திருக்கும். பெரிய நாய் தானாகவே கீழே படுத்துக் குட்டிக்கு இடம் கொடுக்கும், துரத்துவதும் ஓடுவதும் மாறி மாறி வரும். சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று தூக்கம். இந்த வயதில் குட்டி ஒரு நாளைக்குச் சுமார் 18 மணி நேரம் தூங்க வேண்டும். தோட்டத்து வீட்டில் ஆள் நடமாட்டம், கூலிக்கு வருகிறவர்கள், வண்டி என்று அவளை யாரும் தூங்கவிடுவதில்லை. தூக்கம் கெட்ட குட்டிதான் சாயங்காலம் வெறிபிடித்த மாதிரி ஓடி எல்லாரையும் கடிக்கும். ஒரு மணி நேரம் விழித்திருந்தால், கிரேடு மூலையில் விட்டுத் தூங்கவையுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே குறைந்துவிடும். அவளுடைய பால்பல் 28ம் நாலாவது மாதம் வாக்கில் விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்தில்தான் முழுப்பல்லும் வந்து சேரும். அதுவரை ஈறு ஊறல் எடுத்துக் கடிப்பாள். பழைய பருத்தித் துணியை முடிச்சுப் போட்டு நனைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள். வெந்த எலும்பு வேண்டாம், சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

களியோ சோறோ, இரண்டு நாய்க்கும் தனித்தனி இடத்தில் வையுங்கள். ஒன்றையொன்று பார்க்காமல் சாப்பிடட்டும்.

கருப்பனைக் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு முறை கூட்டிப்போங்கள். குட்டி தொங்கும் அந்தக் காதைத் திருப்பிப் பாருங்கள். நாற்றமோ சீழோ உண்ணியோ இருந்தால் அவன் கோபத்துக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். பல், மூட்டு, கண்பார்வை, காது கேட்பது எல்லாமே இந்த வயதில் குறையும். மார்கழிப் பனியில் உங்கள் பக்கம் மூட்டு வலி இன்னும் கூடும். வலி என்று நினைத்து நாம் சாப்பிடும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபேன் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

அதே நடையில் சிட்டுவுக்கும் தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். பார்வோ என்கிற ரத்தக் கழிச்சல் முதலான நோய்களுக்கான ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். குட்டியின் பல் உங்கள் கையிலோ குழந்தைகள் மேலோ பட்டுத் தோல் கிழிந்திருந்தால் ‘நம்ம வீட்டுக் குட்டிதானே’ என்று விடவேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நிஜமாகப் பயப்பட வேண்டியது எப்போது என்றும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் வருகிற கடி, கவ்விப் பிடித்து உலுக்குவது, குட்டி மல்லாந்து அலறியும் விடாமல் தொடர்வது, சத்தமே இல்லாமல் விறைத்து அவளையே முறைத்துக்கொண்டு நிற்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரண்டையும் தனித்தனியாக வைத்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. அதனால் குட்டியை யாருக்கும் கொடுக்க வேண்டிய நிலை இப்போது இல்லை.

சிட்டுவுக்கு நாலைந்து மாதம் ஆனதும் கருப்பன் இன்னும் கண்டிப்பாக நடந்துகொள்வான். பச்சைக் குட்டி என்று இப்போது விட்டுக்கொடுப்பதை அப்போது கொடுக்க மாட்டான். ‘திரும்பவும் ஆரம்பித்துவிட்டான்’ என்று வீட்டில் யாராவது சங்கிலியைத் தேடினால், அவன் அதட்டியதும் சிட்டு ஒதுங்குகிறாளா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மார்க்கெட்டுக்கோ தோட்டத்துக்கோ எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் நாளில் இரண்டையும் தனியாக ஒரே இடத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிட்டு கிரேடுக்குள், கருப்பன் திண்ணையில்.