இறக்குமதி செய்த, இன்னும் பதிவாகாத காரைத் துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு வரலாமா?

வேண்டாம். லாரியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். கப்பல் வந்துவிட்டது, சுங்க வரி கட்டியாயிற்று, வண்டி யார்டில் நிற்கிறது, நம்பர் பிளேட்தான் இல்லை, சில மணி நேர ஓட்டம்தானே, ஒரு நாள் லீவு போட்டுப் போய் எடுத்து வந்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. வெளிநாட்டு வண்டிகளை இறக்கிக் கொடுக்கும் கிளியரிங் வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன் நான். இதே கேள்வியைக் கேட்காத வாடிக்கையாளரே கிடையாது. சாவி கைக்கு வரும்வரை பொறுமையாக இருப்பவர்கள்கூட, யார்டில் வண்டியைப் பார்த்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்துவிடத் துடிப்பார்கள்.

முதலில் சட்டம். இது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் ஊர் விதியை நீங்களே பார்த்துவிடுங்கள். பதிவாகாத வண்டியைச் சாலையில் இறக்கப் பெரும்பாலான இடங்களில் ஏதோ ஒரு வழி வைத்திருப்பார்கள். அந்த வழிக்கு நிபந்தனையும் இருக்கும். பிரிட்டனில், முன்பதிவு செய்த எம்ஓடி (அந்நாட்டு வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) போன்ற சோதனைக்குப் பிளேட் இல்லாமலே ஓட்டிப் போகலாம், இன்ஷூரன்ஸ் இருந்தால். வீட்டில் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் சோதனைக்குப் போகிறேன் என்றால் அந்தச் சலுகை பொருந்தாது. ஜெர்மனியில் குறுகிய காலப் பிளேட் என்று ஒன்று தருவார்கள். அதிகபட்சம் 5 நாள், காலாவதித் தேதி வலது ஓரத்து மஞ்சள் பட்டையிலேயே இருக்கும். வண்டிக்குச் செல்லுபடியாகும் தொழில்நுட்பச் சோதனை இல்லையென்றால், அந்தப் பிளேட்டை மாட்டிக்கொண்டும் சோதனை நிலையத்துக்குப் போய்வர மட்டும்தான் முடியும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி தற்காலிகப் பதிவு வாங்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 6 மாதம் வரை செல்லும். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருந்தால் அதுதான்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் வந்து, "தெரிஞ்ச டீலர்கிட்ட டிரேட் பிளேட் இருக்கு, மாட்டிக்கிட்டு வந்துடலாம்" என்பார். கேட்காதீர்கள். அது டீலர் தன் வியாபார வண்டிகளை நகர்த்துவதற்காகக் கொடுக்கப்படுவது. உங்கள் பெயரில் இறங்கிய வண்டியில் மாட்டினால், வழியில் இடி விழுந்த மாதிரி ஏதாவது நடக்கும்போது இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தப் பிளேட்டைப் பற்றித்தான்.

இன்ஷூரன்ஸ் என்றதும் இன்னொரு தலைவலி. நம்பர் இல்லாத வண்டிக்குச் சேஸிஸ் நம்பரை வைத்துத்தான் பாலிசி போட வேண்டும். பெரும்பாலான நாடுகளில் இப்போது அது 17 எழுத்து-எண்கள். 1, 0 என்ற எண்களோடு குழம்பக் கூடாது என்பதால் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. ஆனால் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த வண்டியில் 17 இருக்காது. மாடல் குறியீடு, ஒரு சிறு கோடு, அதன்பின் வரிசை எண் என்று குட்டையாக இருக்கும். ஆன்லைன் படிவம் அதை ஏற்காது, சிவப்பில் கத்தும். சிலர் காலியிடத்தைப் பூஜ்யம் போட்டு நிரப்பி 17 ஆக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பாலிசியில் இருக்கும் வண்டி ஒன்று, யார்டில் நிற்கும் வண்டி ஒன்று. போனில் பேசி, எக்ஸ்போர்ட் சான்றிதழில் உள்ளபடியே எண்ணை எழுதச் சொல்லி, கையில் காகிதம் வந்தபிறகு வண்டியைத் தொடுங்கள். லாரியில் ஏற்றி வந்தாலும் இந்தப் பாலிசி தேவைப்படும். வீட்டு வாசலில் நிற்கும்போதும் திருட்டு, தீ எல்லாம் உண்டு.

சரி, சட்டமும் இன்ஷூரன்ஸும் ஒத்துழைத்தால் ஓட்டலாமே என்பீர்கள். என் பெரிய ஆட்சேபம் அங்கேதான். அது நீங்கள் படத்தில் பார்த்து வாங்கிய வண்டி. ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து ஏற்றுமதி யார்டு, கப்பல், இறக்குமதி யார்டு என்று வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், உப்புக் காற்றில் நின்றிருக்கிறது. இடையில் அதை ஓட்டியவர்கள் எல்லாம் கப்பலில் ஏற்றி இறக்க ஐந்து நிமிடம் ஓட்டியவர்கள்.

பேட்டரியைச் சொல்லவே வேண்டாம். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி 12க்குக் கீழே போயிருந்தால் கிட்டத்தட்டக் காலி. ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், ஆனால் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினால் மறுபடி பிடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பெட்ரோலுக்கு நிறுத்தத்தான் வேண்டும். கப்பலில் ஏற்றும் வண்டிகளில் டேங்கில் கொஞ்சமாகத்தான் விடுவார்கள், மஞ்சள் விளக்கோடுதான் கைக்கு வரும்.

ஹைபிரிட் (பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் வண்டி) என்றால் கதை இன்னும் சுவாரசியம். ஒருமுறை யார்டில் பழைய டொயோட்டா பிரியஸ் ஒன்று. பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கலாம், அதனால் பயனில்லை; சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டால் வண்டி விழிக்கவே விழிக்காது. ரிமோட் வேலை செய்யவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி ஓட்டுநர் கதவைத் திறந்தாயிற்று. 12 வோல்ட் பேட்டரி பின்னால் டிக்கிக்குள் இருக்கிறது, டிக்கியோ மின்சாரத்தில் திறப்பது. பேட்டரி இல்லாமல் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. கூட வந்த பையன் பின்சீட் வழியாகத் தவழ்ந்து போகத் தயாராகிவிட்டான். உண்மையில் முன் பானட்டுக்கு அடியில், ஃபியூஸ் பெட்டிக்குள், ஜம்ப் செய்வதற்கென்றே ஒரு முனை வைத்திருக்கிறார்கள். பானட் கேபிளில் திறக்கும். அதில் கம்பியை மாட்டியதும் விளக்கெல்லாம் எரிந்து, ஒரு பெண் குரல் ஜப்பானியத்தில் மரியாதையாக ஏதோ சொன்னது. சுங்கச்சாவடிக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று அறிவிக்கிறது அது. அந்த நாட்டு வண்டி நிறையப் பேர் வாங்குகிறார்கள், எல்லோரும் இந்தக் குரலைக் கேட்டுப் பழகிவிடுவார்கள். விஷயம் என்னவென்றால், அந்த மாதிரி வண்டியில் 12 வோல்ட் இல்லாவிட்டால் பார்க்கிங் பூட்டும் விடாது. தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. இது யார்டில் நடந்ததால் தப்பித்தோம், நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் நடுவீதியில் ஒரு பாறைதான்.

பிரேக். டிஸ்க்கில் செம்பழுப்புத் துரு படிந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேலோட்டமான துரு சில தடவை மிதித்தால் போய்விடும். பயப்பட வேண்டியது ஹேண்ட் பிரேக்குக்கு. கப்பலில் அதை இழுத்து வைத்தபடியே வாரக்கணக்கில் நிற்பதால், பின் டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் விடாமல் உரசிக்கொண்டே வந்தால் முதலில் உங்களுக்குத் தெரியாது. இறங்கிக் கைவைத்தால் வீல் கொதிக்கும். டயரில் தேதியைப் பாருங்கள்: பக்கச்சுவரில் நான்கு இலக்கம், 2316 என்றிருந்தால் 2016ஆம் வருடத்தின் 23ஆம் வாரம். பழைய டயரில் தடம் பளிச்சென்று இருக்கும், ஆனால் ரப்பர் வெடித்திருக்கும். புத்தம் புது வண்டி இறக்குகிறீர்கள் என்றால் வேறு சிக்கல்: நின்ற இடத்தில் டயர் தட்டையாகிவிடக் கூடாது என்று கப்பலுக்கு அனுப்பும்போது காற்றைக் கூட்டி வைப்பார்கள், பேட்டரி தீராமல் இருக்கச் சில மின் வசதிகளையும் அணைத்து வைப்பார்கள். டீலர் அதையெல்லாம் சரிசெய்தபிறகே கொடுப்பார். நேராக யார்டிலிருந்து எடுப்பவருக்கு அந்த வேலையைச் செய்து தர யாரும் இல்லை.

இப்போது, ஏற்றி வருவது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கேட்டைத் தாண்டுவதற்கு முன் வண்டியைச் சுற்றி வாருங்கள். பல டெர்மினல்களில் பாஸ் உள்ள ஏஜென்ட்டையும் லாரிக்காரரையும் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்கள். நீங்கள் போக முடியாவிட்டால் ஏஜென்ட்டை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நான்கு மூலை, கண்ணாடி, கூரை, வீல், கிலோமீட்டர் மீட்டர், உள்ளே டேஷ்போர்டு, டிக்கியில் ஸ்டெப்னி. பழுது எதுவும் கண்ணில் பட்டால் டெலிவரி காகிதத்திலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. கடல் சரக்குக்குப் பல நாடுகள் பின்பற்றும் ஹேக்-விஸ்பி விதிகளில், வெளியே தெரியும் சேதத்தைச் சரக்கை எடுக்கும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெளியே தெரியாத சேதம் என்றால் 3 நாள். தெரிவிக்காவிட்டால் நல்லபடியாகக் கொடுத்தார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. வழக்குப் போடுவதானால் 1 வருடத்துக்குள். நீங்களே ஓட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டால், அந்தக் கீறல் கப்பலில் விழுந்ததா ரோட்டில் விழுந்ததா என்று யார் சொல்வது? லாரியில் ஏற்றினால் அங்கே இன்னொரு கையெழுத்து, இன்னொரு படம். எங்கே நடந்தது என்பதற்குச் சாட்சி தானாக வந்துவிடுகிறது. ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு எந்திரக் கோளாறைவிட இது பெரிய காரணம்.

கப்பல் பயணத்துக்கு எடுத்த மெரைன் இன்ஷூரன்ஸ் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். வழக்கமான முழுப் பாதுகாப்புப் பாலிசி வீட்டு வாசல்வரை போகும், கடைசித் துறைமுகத்தில் இறக்கியதிலிருந்து 60 நாள் என்ற எல்லையோடு. ஆனால் பழைய வண்டிகளுக்கு மலிவாகப் போடுவது பெரும்பாலும் முழு இழப்புக்கு மட்டும்தான்: கப்பலோடு மூழ்கினால் பணம், கதவு நசுங்கினால் கிடையாது.

லாரியைப் பொறுத்தவரை, முழு வண்டியும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் கேளுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டு இழுக்கும் டோ வண்டி ஆல் வீல் டிரைவுக்கு (நான்கு சக்கரத்தையும் எஞ்சின் சுற்றும் வண்டிக்கு) ஆகாது. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ அது தரையில் உருண்டால் கியர்பாக்ஸ் போகும். பிளேட் இல்லாத வண்டி சக்கரத்தை ரோட்டில் வைத்தபடி இழுபடுவதைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பது தனிக் கேள்வி. கட்டுவதற்குச் சங்கிலி வேண்டாம், டயர்மேல் போடும் நாடா கேளுங்கள். சங்கிலியைச் சஸ்பென்ஷன் கையில் கொக்கி போட்டு இறுக்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டி நகராமல் வந்து சேர்ந்தது, அலைன்மென்ட் மட்டும் போயிருந்தது. வண்டி தாழ்வானதா, ஸ்டார்ட் ஆகுமா, இழுக்கும் கொக்கி டூல்கிட்டில் இருக்கிறதா என்று முன்பே சொல்லிவிடுங்கள். இறக்குமதி வண்டிகளில் அந்தக் கொக்கி காணாமல் போயிருப்பது சகஜம். பிறகு, அவருடைய சரக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவு மதிப்புவரை, ஏற்றும்போதும் இறக்கும்போதும் சேர்த்தா என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், ஒழுங்கான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லாரியை எப்போது சொல்வது என்பதில்தான் காசு போகிறது. ரிலீஸ், அதாவது வண்டியை வெளியே எடுக்கும் அனுமதி, கையில் வரும்வரை நாள் குறிக்காதீர்கள். வரி கட்டியாயிற்று என்பதும் வண்டி வெளியே வரலாம் என்பதும் ஒன்றல்ல. பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) கொடுத்து டெலிவரி ஆர்டர் வாங்க வேண்டும், கப்பல் கம்பெனிப் பாக்கி தீர வேண்டும், கேட் பாஸ் வர வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற இடங்களில் அடியில் ஒட்டிய மண்ணுக்கே வண்டியை நிறுத்திக் கழுவ வைப்பார்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில் பயிரை நாசம் செய்யும் பழுப்பு நாற்றப்பூச்சிக்காகத் தனிச் சோதனை வேறு. மறுபக்கம், இலவச நாட்கள் முடிந்ததும் யார்டு வாடகை ஓட ஆரம்பிக்கும். எனவே லாரிக்காரரிடம் முன்பே பேசி விலை முடித்து வைத்துக்கொண்டு, நாளை மட்டும் கடைசியில் சொல்லுங்கள்.

வழி நேராக வீட்டுக்குத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பதிவுக்கு முன் எப்படியும் ஒரு சோதனை உண்டு என்றால் துறைமுகத்திலிருந்து நேராக நல்ல மெக்கானிக்கின் பட்டறையில் இறக்கச் சொல்லுங்கள். ஆயில், பிரேக் ஆயில், பேட்டரி, டயர் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். வலப்பக்கப் போக்குவரத்து நாட்டிலிருந்து இடப்பக்க நாட்டுக்கு வருகிறதென்றால் ஹெட்லைட்டின் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும் பக்கம் சாய்ந்திருக்கும். அதையும் அங்கேயே மாற்றிவிடலாம்.

வீட்டிலேயே இறக்குவதானால், இறக்கும் இடம் உங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கட்டும். பதிவாகாத வண்டியைத் தெருவில் நிறுத்தி வைப்பதே பல நாடுகளில் குற்றம். ஃபிளாட்பெட் நீளமான வண்டி, பலகை சாயும்போது பின்னால் இன்னொரு வண்டி நீளத்துக்கு இடம் கேட்கும். சந்து குறுகல், மேலே மின்கம்பி தாழ்வு, கேட் வளைவில் என்றால் புக் செய்யும்போதே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். சின்ன லாரியாக அனுப்புவார்கள்.