வளர்ந்துவரும் சிறு தொழிலுக்கு அலுவலக மென்பொருளைத் தனியாக எழுதி வாங்கலாமா, டாலியே போதுமா?

கேள்வியில் இருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் முந்திரிப் பருப்புத் தொழில். ஆள் எண்ணிக்கை கூடிவிட்டது, கேரளத்துக்கும் சரக்கு போகிறது. டாலி என்ற கணக்கு மென்பொருளையும் ஏழெட்டு எக்செல் கோப்புகளையும் வைத்துச் சமாளிக்கிறீர்கள். ஒரு மென்பொருள்காரர் வந்து, "எல்லாத்தையும் ஒரே சாஃப்ட்வேர்ல கொண்டுவந்திரலாம், டாலியே வேண்டாம்" என்கிறார். செய்யலாமா?

எழுதி வாங்குங்கள். ஆனால் அவர் சொல்வதை அல்ல. டாலி இருந்த இடத்தில் இருக்கட்டும். உங்கள் ஆலைக்குள் ஒரு கணக்கு டாலிக்கு வந்து சேரும்வரை எத்தனை கை மாறுகிறதோ, அந்த வழியை மட்டும் எழுதி வாங்குங்கள். நாகர்கோவிலில் இருந்துகொண்டு இந்த மாவட்டத்துச் சின்ன ஆலைகளுக்கும் வியாபாரிகளுக்கும் இதே வேலையைத்தான் நான் செய்கிறேன். முழு வேலையையும் வாங்கிக்கொள்வதுதான் எனக்கு லாபம், அப்படியிருந்தும் இதைத்தான் சொல்வேன்.

டாலியை ஏன் தொட வேண்டாம் என்கிறேன்? வரி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதுவும் நம்மைக் கேட்டு மாறாது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5க்கும் 18க்கும் மாறின. தயார் மென்பொருள் வைத்திருந்தவர்கள் விகிதத்தை மாற்றிவிட்டுப் பில் போட்டார்கள். எழுதி வாங்கிய மென்பொருளில் வரி விகிதம் நிரலுக்குள்ளேயே பதிந்து கிடந்தால், எழுதிய பையனைத் தேட வேண்டியதுதான். அவன் அதற்குள் பெங்களூருக்குப் போயிருப்பான்.

எல்லையோரத்தில் இருப்பதால் நமக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. 80,000 ரூபாய் சரக்கு திருநெல்வேலிக்குப் போனால் இ-வே பில் (சரக்கை அனுப்புமுன் அரசுத் தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டாம், தமிழ்நாட்டுக்குள் வரம்பு 1 லட்சம். அதே சரக்கு களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்குப் போனால் வேண்டும், ஏனென்றால் மாநிலம் தாண்டினால் வரம்பு 50,000. வரியும் மாறும். ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்குகிற தமிழ்நாட்டு வியாபாரிக்கு வரி மத்திய பங்கு, மாநிலப் பங்கு என்று இரண்டாகப் பிரியும். 32 என்று தொடங்குகிற கேரள வியாபாரிக்கு, மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி ஒன்றுதான். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவதும், கட்டாயம். இத்தனையையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க ஒரு பெரிய நிறுவனம் ஆள் வைத்திருக்கிறது. அதை நீங்கள் தனியாகக் காசு கொடுத்து எழுதி வாங்குவது, வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும்போது முற்றத்தில் கிணறு வெட்டுகிற மாதிரி.

சரி, ஆலைக்குள் வருவோம். டாலிக்குத் தெரியாத கணக்கு இங்கேதான் இருக்கிறது.

நம்மூர் அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், கொட்டையின் தோடு உடைக்கிறவர்களுக்கும் பருப்பின் தொலி உரிக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் எடைக்குத்தான் கூலி. உரித்துக் கொண்டுவரும் பருப்பில் முழுசு எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்று தனித்தனியாக நிறுப்பார்கள். தராசடியில் நிற்பவர் எடையைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் நீள நோட்டில் எழுதுவார், தொழிலாளி கையில் ஒரு துண்டுச்சீட்டு போகும். சாயங்காலம் கணக்கு எழுதும் அக்கா அந்த நோட்டைப் பார்த்து எக்செலில் ஏற்றுவார். சனிக்கிழமை அதிலிருந்து கூலிப் பட்டியல், மாதம் முடிந்ததும் பட்டியலில் இருந்து பிஎஃப், இஎஸ்ஐ, அப்புறம் மொத்தத் தொகை டாலிக்கு. ஒரே எடையைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். 20 பேர் இருந்தபோது இது எப்படியோ ஓடியது. 100 பேர் ஆகும்போது வெள்ளியும் சனியும் அந்த அக்காவுக்கு வேறு வேலை எதுவும் ஓடாது. போதாததற்கு, "நான் நிறுத்தது 6 கிலோ 400, நீங்க 4 கிலோ 600ன்னுல்லா எழுதி வச்சிருக்கீங்க" என்ற சண்டை வேறு.

காசு போட வேண்டிய இடம் இதுதான். மின்னணுத் தராசுகள் பலவற்றில் பின்பக்கம் ஆர்எஸ்-232 என்ற இணைப்பு இருக்கும். ஒரு கேபிள், அதை யூஎஸ்பிக்கு மாற்றும் சின்னக் கருவி, ஒரு பழைய லேப்டாப், இவ்வளவுதான் தேவை. தொழிலாளியின் எண்ணைத் தட்டினால் திரையில் பெயர் வரும். தராசில் எடை ஆடாமல் நின்றதும் பாத்திரத்தின் எடையைக் கழித்துக்கொண்டு தானாகப் பதிவாகும். எடையைக் கையால் தட்ட வழியே இருக்கக் கூடாது. திருத்த வேண்டி வந்தால் மேனேஜர் திருத்தட்டும், யார் எப்போது திருத்தினார் என்பதும் பதிவாகட்டும். நிரல் எழுதுகிறவருக்கு இது பெரிய வேலை இல்லை. தராசில் அந்த இணைப்பு இருக்கிறதா, எடையை எந்த வடிவத்தில் அனுப்புகிறது என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகைப் பதிவுக்கு விரல்ரேகைக் கருவி போடலாம் என்று உங்கள் ஆள் சொல்லியிருந்தால், அவர் அண்டி ஆபீஸுக்குள் கால் வைத்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டில் இருந்து கசியும் எண்ணெய் கையை அரிக்கும். பல வருஷம் தோடு உடைத்த பெண்களின் விரல் நுனியில் ரேகை தேய்ந்து போயிருக்கும். காலையில் பத்துப் பேர் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தும் கருவி ஏற்கவில்லை என்றால், அந்த வாரமே அது மூலைக்குப் போய்விடும். எண் அச்சிட்ட அட்டை போதும்.

தொழிலாளி கையில் போகிற சீட்டு தமிழில்தான் அச்சாகி வர வேண்டும். இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. விலை குறைந்த தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எழுத்தாக அனுப்பினால் வரிசையாகக் கேள்விக்குறி அடித்துத் தள்ளும். "தமிழ் வராது சார், இங்கிலீஷ்லதான் வரும்" என்று உங்களிடம் சொல்வார்கள். சீட்டைப் படமாக மாற்றி அனுப்பினால் வரும், கொஞ்சம் மெதுவாக. தன் கூலியைத் தானே படித்துப் பார்க்க முடிகிற தொழிலாளி தராசடியில் சண்டை போடுவது குறைகிறது.

அடுத்து, பழைய பட்டியலை உள்ளே ஏற்றுகிற வேலை. இதை யாரும் விலையில் சேர்த்துச் சொல்வதில்லை, பாதி நாள் இதிலேயே போகும். நம்மூர் ஆலை ஒன்றில் மேரி என்ற பெயரில் மட்டும் ஆறேழு பேர் இருப்பார்கள். நோட்டில் "கருங்கல் மேரி", "சின்ன மேரி" என்று இருக்கும். ஆதாரில் ஒரு மாதிரி, பிஎஃப்பில் இன்னொரு மாதிரி. பெயரை நம்பாமல் ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, அதோடு பிஎஃப்பின் 12 இலக்க யுஏஎன் எண்ணையும் சேர்த்துவிட வேண்டும். பழைய கோப்புகளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

இவ்வளவும் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன்மேல் தானாக உட்காரும். பிஎஃப் தளத்தில் மாதாமாதம் ஏற்றுகிற ஈசிஆர் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், விவரங்களுக்கு நடுவில் #~# என்ற குறி, அவ்வளவே. கூலிப் பதிவில் இருந்து அதை ஒரு பொத்தானில் எடுத்துவிடலாம். பிஎஃப் 12 சதவீதம், இஎஸ்ஐ தொழிலாளி பங்கு 0.75, உங்கள் பங்கு 3.25. இந்த எண்களை நிரலுக்குள் புதைக்காமல், நீங்களே மாற்றிக்கொள்ளும்படி ஓர் அமைப்புப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் கொடுக்க, ஆளுக்கு ஆள் ஒரு வருஷக் கூலியைக் கூட்டிக்கொண்டு பழைய நோட்டுகளைப் புரட்ட வேண்டியிருக்காது. டாலிக்குப் போக வேண்டியது வாரத்துக்கு ஒரு கூலி வவுச்சர் மட்டும். எக்ஸ்எம்எல் கோப்பாகக் கொடுத்தால் டாலி அதை வாங்கிக்கொள்ளும்.

முதலாளிக்கு உண்மையான லாபம் கூலிக் கணக்கிலும் இல்லை என்பது என் எண்ணம். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்பதை வைத்துத்தான் கொட்டைக்கு விலை பேசுகிறார்கள். 48 என்று நம்பி ஆப்பிரிக்கச் சரக்கு வாங்கியிருப்பீர்கள். அது உண்மையில் எத்தனை தந்தது என்பது இப்போது சரக்கு முழுக்க உடைத்து, தரம் பிரித்து, டின்னில் அடைத்த பிறகுதான் தெரிகிறது. எடைப் பதிவு ஒவ்வொன்றிலும் அது எந்தக் கொள்முதல் என்று காட்டும் சரக்கு எண்ணைச் சேர்த்துவிட்டால் பாதி உடைக்கும்போதே தெரிந்துவிடும். பவுண்டுக்கு 320 பருப்பு வரைக்கும் வருகிற டபிள்யூ 320 எவ்வளவு, அதைவிடப் பெரிய 240 எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்பதும் சரக்குவாரியாக வந்துவிடும். அடுத்த முறை எந்த நாட்டுக் கொட்டையை என்ன விலைக்கு மேல் தொடக் கூடாது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும். எந்தக் கடையிலும் டப்பாவில் கிடைக்காத மென்பொருள் இதுதான்.

முந்திரிக்கு மட்டும் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்குகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் விலை. மாதிரி எடுத்து உலர்த்தி நிறுத்துச் சரியான சதவீதம் வருவதற்குள் பால் கொடுத்தவர் வீட்டுக்குப் போயிருப்பார். சாதாரண பில் மென்பொருளோ அளவையும் விலையையும் அங்கேயே கேட்கும். முதலில் எடை மட்டும், பிறகு சதவீதம், அப்புறம் அன்றைய விலை என்று மூன்று கட்டமாகப் பில் போட எழுதித்தான் வாங்க வேண்டும். தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கடை மட்டும் வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன். விலை ஒரு காலைக்குள்ளேயே ஏறி இறங்கும், ஏலச் சத்தத்துக்கு நடுவில் யாரும் திரையைப் பார்க்கப் போவதில்லை. அங்கே நோட்டுதான் வேகம்.

எழுதத் தொடங்குமுன் உங்கள் மென்பொருள் ஆளைக் கணக்கு எழுதும் அக்காவின் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். விதிகள் உங்களுக்குத் தெரியும், விதிவிலக்குகள் அவருக்குத்தான் தெரியும். "தம்பி, இதுல அட்வான்ஸ் எங்க கழிக்கது?" என்றுதான் அவர் முதலில் கேட்பார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது வாங்கியது, திருவிழாவுக்கு வாங்கியது, வாரம் 200 வீதம் கழிக்கச் சொன்னது, இந்த வாரம் மட்டும் கழிக்க வேண்டாம் என்று நீங்கள் வாசலில் நின்று சொன்னது, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: இது வந்தால் தன் வேலை போய்விடுமோ என்ற பயம். போகாது என்று நீங்கள் நேரில் சொல்லாவிட்டால் அந்த மென்பொருள் ஆறு மாதம் தாங்காது.

ஒப்பந்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இங்கே பலரும் கையெழுத்து இல்லாமலே வேலை கொடுக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பு. (சிரிக்க வேண்டாம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது.) உங்கள் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் பொதுவாக உரிமை உங்களுக்கு. வெளியாள் எழுதினால், அவர் எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை உரிமை அவருக்கு, நீங்கள் முழுக் காசும் கொடுத்திருந்தாலும். மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால் உரிமை மாற்றம், மூல நிரலின் பிரதி, சர்வர் கணக்கும் கடவுச்சொல்லும் உங்கள் பெயரில், இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். காசைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்.

இணையம் இல்லாமலும் தராசடி வேலை ஓட வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு போக வேண்டாம், ஆனி மழைக்கே இணையம் படுத்துவிடும். பதிவு முதலில் ஆலைக் கணினியில் விழட்டும், இணைப்பு வந்ததும் மேகத்துக்கு (இணையச் சேமிப்புக்கு) ஒரு பிரதி போகட்டும், வாரம் ஒரு பிரதி பென்டிரைவில் உங்கள் வீட்டுக்கு வரட்டும்.

தீபாவளி, கிறிஸ்துமஸ் போனஸ் நேரத்தில் தொடங்காதீர்கள். மார்ச்சும் வேண்டாம், ஆடிட்டர் நெருக்குவார். ஜூன், ஜூலை வாக்கில் தொலி உரிக்கிற பகுதியில் மட்டும் தொடங்குங்கள், நோட்டும் கூடவே ஓடட்டும். சனிக்கிழமை இரண்டு கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டு, சில வாரம் தொடர்ந்து ஒத்துப்போன பிறகு நோட்டை நிறுத்தலாம். விலை கேட்கும்போது "எல்லாத்துக்கும் சேர்த்து எவ்வளவு" என்று கேட்காமல், தராசில் இருந்து சனிக்கிழமைக் கூலிப் பட்டியல் வரைக்கும் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு நாள் ஆலையில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் அவரிடமே வேலையைக் கொடுங்கள். போனிலேயே தொகை சொல்லிவிட்டால் வேறு ஆள் பாருங்கள்.