சிங்கப்பூருக்கு முதல் தடவை வரும் அப்பா அம்மா எதையெல்லாம் கொண்டு வரலாம், எதற்கு வரி கட்ட வேண்டும்?

அடுத்த மாதம் திருச்சியிலிருந்து பெற்றோர் வருகிறார்கள், அப்பா சிகரெட் பிடிப்பவர், அம்மா மசாலாப் பொடி, பலகாரம், மகளுக்குப் புது நகை எல்லாம் கட்டிக்கொண்டு வருவார், கஸ்டம்ஸில் பிரச்சினை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வேலைக்கு வந்து பல வருடம் ஆகிறது. ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துவர சாங்கி விமான நிலையத்துக்கு நிறைய தடவை போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சிகரெட், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். "ஒரு கார்ட்டன் கொண்டு போகலாம், ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். வேறு நாடுகளுக்குப் போய்வந்தவர்களின் கணக்கு அது. சிங்கப்பூரில் புகையிலைக்கு வரியில்லாச் சலுகை கிடையாது. ஒரே ஒரு குச்சியானாலும் வரி உண்டு, பிரித்த பாக்கெட்டில் மிச்சம் இருப்பதற்கும் உண்டு. 2023 பிப்ரவரியில் அந்த வரியை ஒரு குச்சிக்கு 49.1 சென்ட் என்று உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் 20 குச்சிப் பாக்கெட் ஒன்றுக்கு 9.82 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்), அதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு. சொல்லாமல் கொண்டு வந்து பிடிபட்டால் ஏய்த்த வரியைப் போல 20 மடங்கு வரை அபராதம் போகலாம். அப்பாவிடம் விமானம் ஏறும் முன்பே பாக்கெட்டைக் காலி செய்துவிடச் சொல்லுங்கள். மின்சிகரெட் என்றால் வரி கட்டினாலும் விட மாட்டார்கள். வைத்திருப்பதே 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம்.

வாயில் போடும் புகையிலை, மூக்குப்பொடி, குட்கா, கைனி எதுவும் கூடாது. 2016 ஆகஸ்டிலிருந்து இவை அடியோடு தடை. என் பெரியப்பா புதுக்கோட்டைப் பக்கம் விவசாயி, வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. முதல் தடவை என்னைப் பார்க்க வந்தபோது இடுப்பில் சுருக்குப்பையிலும் பெட்டியில் துணிக்கு நடுவிலும் பொட்டலம் வைத்திருந்தார். அவருக்கு அது தப்பு என்றே தெரியாது, நானும் சொல்லவில்லை. வெளியே ஒன்றரை மணி நேரம் நின்றேன், போன் எடுக்கவில்லை, கூட வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியில் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மரியாதையாகத்தான் நடத்தியிருக்கிறார்கள், ஆனாலும் எழுபது வயது மனுஷன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பத்துப் பேர் பார்க்க நின்றதை அவரால் லேசில் மறக்க முடியவில்லை. ஒரு போன் செய்து நான் முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். இவ்வளவு நீளமாக இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

சரி, நகை, துணிமணி. அம்மா போட்டுக்கொண்டு வரும் நகை, கட்டிப் பழகிய புடவை எல்லாம் சொந்த உபயோகப் பொருள், கணக்கில் வராது. பரிசாகக் கொடுக்கக் கொண்டு வரும் புதுச் சங்கிலி, புதுப் பட்டு, புது போன் இவையெல்லாம் கணக்கில் வரும். 48 மணி நேரமோ அதற்கு மேலோ சிங்கப்பூருக்கு வெளியே இருந்துவிட்டு வரும் பயணிக்கு 500 வெள்ளி வரை ஜிஎஸ்டி இல்லை, அதைவிடக் குறைந்த நேரம் என்றால் 100 வெள்ளிதான். இது ஆளுக்குத் தனித்தனி. அம்மா 800 வெள்ளிக்குப் புது நகை கொண்டு வந்தால் மீதி 300 வெள்ளிக்கு 9 சதவீதம், அதாவது 27 வெள்ளி கட்டினால் முடிந்தது. பில்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், ரூபாயில் இருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் இந்த 500 வெள்ளி உங்களுக்குக் கிடையாது! வொர்க் பெர்மிட், எம்ப்ளாய்மென்ட் பாஸ், டிபென்டன்ட் பாஸ், மாணவர் பாஸ், நீண்டகால வருகை பாஸ் வைத்திருக்கிற யாருக்கும் இந்தச் சலுகை இல்லை. இங்கே பல வருடம் இருக்கிறவர்களுக்கே இது தெரிவதில்லை. போன தடவை ஊரிலிருந்து 400 வெள்ளி பெறுமான இரண்டு பட்டுப் புடவை கொண்டு வந்தேன். வரி கட்ட வேண்டியவர்கள் போகும் சிவப்பு வழியில் நேராகப் போய் பில்லைக் காட்டினேன், 36 வெள்ளி கட்டினேன், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அதனால் "நீ இங்கேயே இருக்கிறவன், உன் பெட்டியில் வைத்துக்கொள்" என்று அப்பா அம்மா உங்களிடம் எதையும் மாற்றிக் கொடுக்க வேண்டாம். அவர்கள் பெட்டியில் இருப்பதுதான் லாபம்.

மது வாங்குவதாக இருந்தால் ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர் வரை வரியில்லை. விஸ்கி, பிராந்தி வகை அதில் 1 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மீதி ஒரு லிட்டர் ஒயின் அல்லது பீர். வயது 18 ஆகியிருக்க வேண்டும், 48 மணி நேர விதி இதற்கும் உண்டு. டிக்கெட் மலிவு என்று திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய், நாலு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் நிறைய. மலேசியாவிலிருந்து வந்து சேர்கிறவர்களுக்கு மதுவில் இந்தச் சலுகையே இல்லை, ஒரு பாட்டிலுக்கும் வரி கட்ட வேண்டும்.

அப்புறம் சாப்பாட்டு விஷயம். முறுக்கு, அதிரசம், ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் வீட்டுத் தேவைக்கு உள்ள அளவில் தாராளமாகக் கொண்டு வரலாம். உப்புக்கண்டம், கோழி, ஆட்டுக்கறி வேண்டாம். அனுமதி பெற்ற நாடுகளிலிருந்து வரும் இறைச்சியை மட்டும்தான் விடுவார்கள், வீட்டில் காயவைத்த கறிக்கு வழியே இல்லை. சூயிங் கம் 1992 முதல் தடை, பேரப்பிள்ளைகளுக்கு என்று வாங்கி வைத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கசகசா இங்கே தடை செய்யப்பட்ட பொருள். அபின் கிடைக்கும் அதே செடியின் விதை என்பதால் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கண்ணில் அது சமையல் பொருளாக இல்லை. நம் வீட்டுக் குருமா மசாலாவில் அது கலந்திருப்பது நமக்கே ஞாபகம் இருக்காது.

மாத்திரை என்றால் சுகர், பிரஷருக்கு மூன்று மாதத்துக்கு மேல் போகாமல், டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டு வரட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தால் சுகாதார அறிவியல் ஆணையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும், இப்போதே பாருங்கள். ரொக்கம் 20,000 வெள்ளி மதிப்பைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். கொண்டு வருவதில் தப்பில்லை, சொல்லாமல் இருப்பதுதான் தப்பு.

பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் பச்சை வழி, சிவப்பு வழி என்று இரண்டு இருக்கும். வரி கட்ட வேண்டிய பொருளோடு பச்சை வழியில் நடந்தால், தெரியாமல் வந்தேன் என்பது எடுபடாது. சந்தேகம் என்றாலே சிவப்பு வழியில் போகச் சொல்லுங்கள், அங்கே கேட்டதற்காக யாரும் அபராதம் போட மாட்டார்கள். ஆங்கிலம் வராது என்று பயப்படுவார்கள். தமிழ் இங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழ் பேசுகிற ஆளைக் கேட்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முதலில் இன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டு, மசாலா அரைக்கக் கொடுத்துவிட்டாரா, அதில் கசகசா போட்டாரா என்று கேளுங்கள். இன்னும் அரைக்கவில்லை என்றால் அது இல்லாமல் அரைக்கட்டும்.