பெயர் காலி, பணம் எவ்வளவு, கட்டுரை எதைப் பற்றி: அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம் – கேள்வி பதில்

வளைகுடா நாடுகளில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில. ஏஜென்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு "எந்தக் கல்லூரி நல்லது?" என்று கேட்டவர்களுக்குத் தனியாகத் திட்டு அனுப்பியாகிவிட்டது.

மகனின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி. விண்ணப்பமோ அதைக் கேட்கிறது. அப்பா பெயரைப் போட்டுவிடலாமா? (ஒரு தாய், மஸ்கட்)

போடாதீர்கள் அம்மா. நம் ஊரில் "கா. முகிலன்" என்றால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்கப் படிவத்துக்கு இரண்டு கட்டங்களும் நிரம்பியாக வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், விசாவில் அது குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்! ஆசையாகப் பெயர் வைத்தவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? அந்த மூன்றெழுத்து பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று பின்னாலேயே வரும்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே தூதரகம் வழியாகப் பெயரைப் பிரித்துப் புதிய பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். அதன் பிறகு தேர்வு, விண்ணப்பம், விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் எல்லாவற்றிலும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. பள்ளிச் சான்றிதழில் இன்ஷியல் மட்டும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று பள்ளியிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

சி.பி.எஸ்.இ.யில் 91 சதவீதம். அதை அமெரிக்காவின் 4.0 மதிப்பெண் அளவுக்கு எப்படி மாற்றுவது? (மாணவர், அபுதாபி)

மாற்றவே வேண்டாம் தம்பி. உள்ளதை உள்ளபடி கொடு. கணக்குப் போடுவது அவர்கள் வேலை. ஆனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருவதற்குள் விண்ணப்பக் காலம் முடிந்துவிடும் என்பதால், எதிர்பார்க்கும் மதிப்பெண்ணைப் பள்ளிதான் எழுதித் தர வேண்டும். செப்டம்பரிலேயே அலுவலக வாசலில் போய் நில்.

இப்போது நிதியுதவி வேண்டாம் என்று போட்டு, சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். சரியா? (தந்தை, துபாய்)

நண்பரிடம் யோசனை கேட்பதை நிறுத்துங்கள். சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு தர முடியாது என்று பல கல்லூரிகள் எழுதியே வைத்திருக்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள்தான் வெளிநாட்டுப் பிள்ளை பணம் கேட்கிறதா என்று பாராமல் இடம் தருகின்றன. மற்ற பல இடங்களில் கேட்டால் வாய்ப்பு குறையும், உண்மைதான். அதற்காகக் கட்ட முடியாத இடத்தில் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டு திரும்பி வருவதா? துபாயில் வருமான வரி இல்லையே, எந்தக் காகிதத்தைக் காட்டுவது என்று கவலைப்பட வேண்டாம். கம்பெனியின் சம்பளக் கடிதத்தைப் பொதுவாக ஏற்கிறார்கள்.

மகள் ஹூஸ்டனில் பிறந்தவள், வளர்ந்தது தோஹாவில். அவளுக்கும் இதே விதிகளா? (தாய்)

இல்லை. அவள் அமெரிக்கக் குடிமகள். விசா வேண்டாம், ஃபாஃப்சா படிவம் நிரப்பி அரசு உதவியும் கேட்கலாம். டெக்சாஸ்வாசிகளுக்கான குறைந்த கட்டணம் மட்டும் பிறந்ததாலேயே கிடைத்துவிடாது.

இரண்டு கல்லூரிகளுக்கு 'எர்லி டிசிஷன்' (முன்கூட்டியே முடிவு கேட்கும் விண்ணப்பம்) போடலாமா?

ஒரே நேரத்தில் கூடாது. இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று கையெழுத்திடுகிறீர்கள்.

விண்ணப்பத்தில் கேட்கும் 650 சொல் கட்டுரைக்கு என்ன எழுதுவது? பாலைவனத்தில் வளர்ந்ததை எழுதலாமா? (மாணவி, குவைத்)

மணலையும் ஒட்டகத்தையும் படித்துப் படித்து எனக்கே அலுத்துவிட்டது. நான் பார்த்ததில் மறக்காதது, வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டைக் கூட்டிப் பார்த்த ஒரு பெண்ணின் கட்டுரை. ஒரு வாரம் கணக்கில் பதினோரு திர்ஹம் இடித்தது. யாருக்காக அப்பா அதை எழுதாமல் விட்டார் என்று தேடிக்கொண்டு போனாள். ஒட்டகம் வரவே இல்லை.