சர்வர் சந்தேகங்கள்: அலர்ட் வரவில்லை என்றால் எல்லாம் நலமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சர்வர் கண்காணிப்பு பற்றியவை. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியை நான்கைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் 4 கோர். லோடு ஆவரேஜ் 9, 10 என்று போகிறது. ஆனால் சிபியு பயன்பாடு 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். லோடு ஆவரேஜ் என்பது சராசரியாக எத்தனை வேலைகள் ஓடிக்கொண்டும் காத்துக்கொண்டும் இருக்கின்றன என்கிற எண். அதைச் சிபியுவின் அளவு என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. லினக்ஸ் அந்த எண்ணில் சிபியுவில் ஓடுகிற வேலைகளையும் ஓடுவதற்கு வரிசையில் நிற்பவற்றையும் மட்டும் சேர்ப்பதில்லை. டிஸ்க்கிலிருந்து ஏதோ வரவேண்டும் என்று காத்துக்கொண்டு, யார் தட்டினாலும் எழாத தூக்கத்தில் கிடக்கிற வேலைகளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. ஓடுகிற வேலைகளைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் இவை 'டி' நிலையில் தெரியும். ஆரம்பத்தில் இப்படி இல்லை, 1993இல் வந்த ஒரு சின்னத் திருத்தம் இவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. அந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை.

ஆக, உங்கள் சர்வரில் சிபியு சும்மா இருக்கிறது, வேலைகள் வேறெங்கோ வரிசையில் நிற்கின்றன. டாப்பில் 'டபிள்யூஏ' என்ற எண் (டிஸ்க்குக்காகச் சிபியு சும்மா காத்திருக்கும் நேரத்தின் சதவீதம்) உயர்ந்திருந்தால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். ஐஓஸ்டாட் கட்டளையைப் போட்டு, டிஸ்க்குக்குப் போகும் ஒரு கோரிக்கை சராசரியாக எத்தனை மில்லிவிநாடி காத்திருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க்கும் சும்மா இருக்கிறது, லோடு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் நெட்வொர்க் வழியாக இணைத்த என்எஃப்எஸ் கோப்புறை ஏதாவது தொங்கிப்போய் நிற்கிறதா என்று பாருங்கள், பல முறை அதுதான் குற்றவாளி. மெய்நிகர் சர்வராக இருந்தால் 'எஸ்டி' என்ற எண்ணையும் ஒரு கண் பாருங்கள். நீங்கள் கேட்ட சிபியு நேரத்தை ஹோஸ்ட் இயந்திரம் வேறு யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

அப்புறம், லோடு ஆவரேஜ் என்று காட்டப்படும் மூன்று எண்களும் 1, 5, 15 நிமிடங்களுக்கானவை. முதலாவது 9, மூன்றாவது 2 என்றால் ஏதோ இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. தலைகீழாக இருந்தால் கூத்து முடிந்தபிறகு வந்திருக்கிறீர்கள்.

கேள்வி: மெமரி எப்போதும் 95 சதவீதம் நிரம்பியே இருக்கிறது. பாதுகாப்புக்காக வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்கிறேன். சரிதானே?

சரியில்லை. லினக்ஸ் யாருக்கும் தேவைப்படாத மெமரியைச் சும்மா விடாது, படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்டால் டிஸ்க்குக்கு ஓட வேண்டாம் என்று. ஏதாவது நிரலுக்கு இடம் வேண்டுமென்றால் உடனே காலிசெய்து கொடுத்துவிடும். எனவே ஃப்ரீ கட்டளையில் 'ஃப்ரீ' பத்தியை விட்டுவிட்டு 'அவெய்லபிள்' பத்தியைப் பாருங்கள். இதைக் கணக்கிட்டுத் தருகிற வசதி 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்தே (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது, அப்படியிருந்தும் பல டாஷ்போர்டுகள் இன்னும் பழைய எண்ணைக் காட்டிப் பயமுறுத்துகின்றன. ஸ்வாப்பில் (மெமரி போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) ஏதோ கொஞ்சம் கிடப்பதும் பிரச்சினை இல்லை. விஎம்ஸ்டாட் கட்டளையில் ஸ்வாப்புக்குப் போவதும் வருவதும் ஓயாமல் நடந்தால்தான் பிரச்சினை.

அவெய்லபிள் எண்ணே நாளுக்கு நாள் தேய்கிறது என்றால் எங்கோ மெமரி கசிகிறது. அப்போதும் ரீஸ்டார்ட் மருந்து இல்லை. கசிவை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: டிஸ்க்கில் 40 சதவீதம் இடம் இருக்கிறது. ஆனால் கோப்பு எழுதப் போனால் 'இடமில்லை' என்கிறது!

ஐநோடு தீர்ந்திருக்கும். ஐநோடு என்பது கோப்பின் விவரங்களைக் குறித்துவைக்கும் பதிவு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டும், இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகளில் அதன் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. செஷன் கோப்புகளோ அனுப்பாத மெயில்களோ லட்சக்கணக்கில் எங்கோ குவிந்திருக்கும், தேடிப் பாருங்கள். டிஎஃப் கட்டளையோடு 'ஐ' சேர்த்துப் போட்டால் தெரியும். இந்த எண்ணுக்கும் ஓர் அலர்ட் வையுங்கள்.

கேள்வி: எங்கள் தளம் சராசரியாக 0.3 விநாடியில் பதில் தருகிறது. ஆனாலும் 'ரொம்ப மெதுவாக இருக்கிறது' என்று புகார் வந்துகொண்டே இருக்கிறது. பயனர்கள் மிகைப்படுத்துகிறார்களா?

இல்லை, உங்கள் சராசரிதான் பூசி மெழுகுகிறது. 100 கோரிக்கைகளில் 98க்கு 0.1 விநாடி, மீதி 2க்கு 10 விநாடி என்று வையுங்கள். மொத்தம் 29.8 விநாடி, சராசரி 0.298. அந்த 0.3 விநாடியை நேரில் அனுபவித்தவர் ஒருவர்கூட இல்லை! இரண்டு சதவீதம்தானே என்றும் தள்ளிவிட முடியாது. ஒரு பக்கம் திறக்க 50 கோரிக்கைகள் போகின்றன, எது மெதுவாகும் என்பது தற்செயல் என்றால், பக்கத்தைத் திறக்கிறவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேருக்கு அந்த 10 விநாடி ஒருமுறையாவது மாட்டும்.

சராசரிக்குப் பதில் பெர்சன்டைல் பாருங்கள், அதாவது நூற்றில் இத்தனை கோரிக்கைகள் இந்த நேரத்துக்குள் முடிந்தன என்று சொல்லும் எண். ஆனால் எந்தப் பெர்சன்டைல் என்பதும் முக்கியம்: மேலே சொன்ன உதாரணத்தில் 95ஆவது 0.1 விநாடிதான், 99ஆவதில்தான் 10 விநாடி வெளியே வருகிறது. ஐந்து சர்வர்களின் 99ஆவது பெர்சன்டைலைக் கூட்டி ஐந்தால் வகுக்கவும் கூடாது, அந்த விடைக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

கேள்வி: தினமும் 200 அலர்ட் மெயில் வருகிறது. யாரும் படிப்பதில்லை. எப்படிக் குறைப்பது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அலர்ட் மெயில்களையெல்லாம் தானாகவே தனி ஃபோல்டருக்குத் தள்ளும்படி எல்லாரும் ஃபில்டர் போட்டு வைத்திருந்தோம். டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றது. பிறகு திறந்து பார்த்தால் எச்சரிக்கை பல நாட்களாக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, ஒழுங்காக, மணிக்கு ஒன்றாக.

ஒவ்வொரு அலர்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: இது நடு இரவில் வந்தால் நான் எழுந்து என்ன செய்வேன்? 'ஒன்றும் செய்ய மாட்டேன்' என்பது பதிலானால் அதை அழித்துவிடுங்கள், மனம் வரவில்லையென்றால் வரைபடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிபியு 90 சதவீதம் என்ற அலர்ட் பெரும்பாலும் இதில் அடிபட்டுவிடும், பேக்கப் சுருக்கப்படும்போது சிபியு உழைக்கத்தான் செய்யும், உழைக்கட்டும். பதில் வரும் நேரம், பிழைகளின் விகிதம் என்று பயனரைத் தொடுகிறவற்றுக்கு அலர்ட் வையுங்கள். டிஸ்க்குக்குச் சதவீதம் வேண்டாம்: 10 டெராபைட்டில் 90 சதவீதம் என்றால் இன்னும் 1 டெராபைட் மிச்சம், 20 ஜிகாபைட்டில் 90 என்றால் வெறிபிடித்த ஒரு லாக் கோப்பு சில நிமிடங்களில் முடித்துவிடும். இப்போது நிரம்புகிற வேகத்தில் போனால் எத்தனை மணி நேரத்தில் தீரும் என்று கணக்கிட்டு அலர்ட் அனுப்பச் சொல்லுங்கள்.

குறைப்பதோடு வேலை முடியவில்லை. வராத அலர்ட் என்று ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய பயம். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் கோப்புறையை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அது இருக்க வேண்டிய இடம் காலி. பேக்கப் நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயிலும் கிளம்பத்தான் செய்தது, ஆனால் மெயிலை அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்க உதவும் டிமார்க் அமைப்பு சரியாக இல்லாததால் பெறுகிற மெயில் சர்வர் அதைத் திருப்பிவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அதற்கு ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த நகல் ஒன்று தற்செயலாக இருந்ததால் அதுவரையிலான தரவு தப்பியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள் என்பதற்காக எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான்.

எனவே தினசரி பேக்கப்புக்கு 'தோற்றால் சொல்' என்று வைக்காதீர்கள். 'ஜெயித்தால் சொல், 26 மணி நேரமாக ஜெயித்த செய்தி வரவில்லை என்றால் கத்து' என்று வையுங்கள். கோப்பின் அளவையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் பூஜ்ஜியம் பைட் பேக்கப்பும் வெற்றி என்றே பதிவாகலாம்.

கேள்வி: கண்காணிப்புக் கருவிகளில் நாகியோஸ், ஜாபிக்ஸ், பிராமிதியஸ்: எது நல்லது?

நீங்கள் பராமரிக்கப் போவது எதுவோ அது. நாகியோஸ் 1999இல் வேறு பெயரில் தொடங்கியது, 'இருக்கிறதா, இல்லையா' என்று கேட்பதற்கு இன்றும் போதும். பிராமிதியஸ் 2012இல் இசைத் தளமான சவுண்ட்கிளவுடில் பிறந்தது, சர்வர்கள் முளைத்து மறைகிற இடங்களுக்குப் பொருத்தம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீங்கள் மாற்றாவிட்டால் அது 15 நாள் தரவைத்தான் வைத்திருக்கும். போன வருடம் இதே சமயம் எப்படி இருந்தது என்று கேட்டால் விழிக்கும்.

கேள்வி: கண்காணிக்கிற சர்வரே செத்துப்போனால் யார் சொல்வது?

வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே காணாமல் போனபோது, பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய அவர்களுடைய உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் கூடவே படுத்துவிட்டன. உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. வேறொரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் ஒரு சிறு சர்வரை வைத்து, அது உங்கள் தளத்தை நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிட்டு 99.99 சதவீத நேரம் தளம் இயங்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், 30 நாள் மாதத்தில் அந்த வாக்கு அனுமதிக்கிற மொத்தத் தடங்கலே 4 நிமிடம் 19 விநாடிதான். உங்கள் மானிட்டர் அடுத்த முறை கண் விழிப்பதற்குள் கணக்கு முடிந்திருக்கும்.

எல்லாம் வைத்தாகிவிட்டதா? இப்போது ஒரு சர்வீஸை நீங்களே நிறுத்திவிட்டுப் போன் அடிக்கிறதா என்று பாருங்கள். பகலில், கூட இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு.