பள்ளியில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூடப் பல்கலைக்கழக முதலாண்டு இயற்பியலில் திணறுவது ஏன்? கணிதம் போதாததுதான் காரணமா?

முதல் தேர்வில் மார்க் குறைந்த வருத்தத்தில் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'கால்குலஸை ஒழுங்காகப் படி, எல்லாம் சரியாகிவிடும்' என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு மாதம் முழுக்க வகையீடும் தொகையீடும் போட்டுத் தள்ளினேன். கணக்கு வேகமாக வந்தது; இயற்பியல் வரவில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் தேர்வில் ஒரு கேள்வி: செங்குத்தாக மேலே எறிந்த பந்து பாதி உயரத்தில் போய்க்கொண்டிருக்கிறது, காற்றுத் தடை இல்லை, பந்தின் மேல் செயல்படும் விசைகளை வரைக. கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டு 'எடை' என்று எழுதினேன். மேல்நோக்கி அதைவிட நீளமாக ஓர் அம்பு போட்டு 'எறிந்த விசை' என்று எழுதினேன். மேலே போகிறதென்றால் மேல்நோக்கிய விசைதானே அதிகமாக இருக்க வேண்டும்? அடுத்த கேள்வி, அதே பந்து எவ்வளவு உயரம் போகும் என்பது. அதற்கு முழு மதிப்பெண் வாங்கினேன். முடுக்கம் கீழ்நோக்கி 9.8 என்று வைத்துத்தான் அந்தக் கணக்கைப் போட்டிருந்தேன். நிகர விசையும் முடுக்கமும் ஒரே திசையில்தான் இருக்க வேண்டும்; நான் எழுதியதோ நிகர விசை மேல்நோக்கி, முடுக்கம் கீழ்நோக்கி. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தும் எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

மதிப்பெண்ணுக்காக வாதாடத்தான் ஆசிரியரின் அறைக்குப் போனேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மேல்நோக்கிய அம்பில் விரலை வைத்து, "இந்த விசையை எந்தப் பொருள் கொடுக்குது?" என்று கேட்டார்.

"கை, சார்."

"கை இப்போ பந்தைத் தொட்டுக்கிட்டிருக்கா?"

"இல்லை."

"அப்போ வேற எது?"

என்னிடம் பதில் இல்லை. காற்று என்று சொல்லலாம் என்றால் கேள்வியிலேயே அதை விலக்கியிருந்தார்கள். "கொடுக்கிற பொருளோட பேரைச் சொல்ல முடியலைன்னா அந்த அம்பைப் போடாதே" என்றார். அந்த நான்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு நான் கற்றதிலேயே பெரிய விஷயம் அந்த இரண்டு நிமிடத்தில்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு விசைக்கும் பக்கத்தில் 'எது, எதன் மேல்' என்று எழுதத் தொடங்கினேன். மேசை மேல் இருக்கும் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடைக்கு எதிர்விசை மேசை மேல்நோக்கித் தருவதுதான் என்று நம்மில் பலரும் பள்ளியிலிருந்தே நம்பிக்கொண்டு வருகிறோம். எழுதிப் பார்த்தால் தெரியும்: 'பூமி, புத்தகத்தின் மேல்' என்பதற்கு இணை 'புத்தகம், பூமியின் மேல்' என்பதுதான். மேசை தருவதும் புத்தகத்தின் மேல்தான் செயல்படுகிறது. ஒரே பொருளின் மேல் செயல்படும் இரண்டு விசைகள் நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் விசை, எதிர்விசை இணையாக இருக்கவே முடியாது.

இதைப் படித்துவிட்டு 'அடிப்படை தெரியாதவனின் கதை' என்று சிலர் சொல்லலாம். எறிந்த பொருளுக்குள் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டு அதைத் தள்ளிக்கொண்டே போகிறது என்று 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தத்துவ அறிஞர் பிலோப்பனஸ் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பூரிடான் அதை விரிவாக வளர்த்தெடுத்தார். இயக்க விதிகளைச் சொன்ன நியூட்டனின் பிரின்சிப்பியா நூல் வந்தது 1687இல்தான். இத்தனை நூற்றாண்டு அறிஞர்களே நம்பிய ஒன்றை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தன் கை அனுபவத்திலிருந்து நம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சூத்திரத்தை மேலே பூசிவிட்டால் அந்த நம்பிக்கை போய்விடும் என்று பாடம் நடத்துவதுதான் தவறு.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் இல்லை. கணக்கே இல்லாமல் விசை பற்றிய புரிதலை மட்டும் சோதிக்கும் ஒரு வினாத்தாளை 1992இல் அமெரிக்க இயற்பியலாளர் ஹெஸ்டனஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். இத்தகைய சோதனைகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வாங்கிய மதிப்பெண்களை இன்னோர் அமெரிக்க இயற்பியலாளரான ரிச்சர்ட் ஹேக் 1998இல் தொகுத்தார். பாடம் தொடங்கும்போது ஒரு வகுப்பு 100க்கு 40 வாங்கினால் மீதம் 60 இருக்கிறது அல்லவா? வெறும் விரிவுரை நடந்த வகுப்புகள் அந்த மீதத்தில் சராசரியாக 23 சதவீதத்தைத்தான் பிடித்தன. மாணவர்களை யோசிக்கவும் ஒருவரோடு ஒருவர் விவாதிக்கவும் வைத்த வகுப்புகள் சராசரியாக 48 சதவீதத்தைப் பிடித்தன. கணிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்காந்தவியலுக்கு வந்த பிறகு கால்குலஸ் இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது. ஆனால் முதல் பருவத்தில் பெரும்பாலோர் விழுவது அங்கே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுகள் போயும் மனசு ஆறவில்லை. ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை. 30 செ.மீ. நீளத்துக்கு எனக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.4 வந்தது, 50 செ.மீ.க்கு 9.6, 100 செ.மீ.க்கு 9.7. "எல்லாருக்கும் 9.8 வருது, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்டு, ரெக்கார்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நேரங்களை மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்துப் பழைய கச்சாத் தாள் கையில் கிடைத்தது. நீளம் கூடக்கூட விடை 9.8ஐ நெருங்குகிறதே என்று அப்போதுதான் கவனித்தேன். அலைவுக் காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தேன். நேர்கோடு வந்தது, ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. சாய்விலிருந்து 9.8 கிடைத்தது. கோடு நீள அச்சைப் பூஜ்யத்துக்கு 1.2 செ.மீ. இடப்பக்கம் வெட்டியது. அது குண்டின் ஆரம்! நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் நூலின் முனை வரை மட்டும் அளந்திருக்கிறேன். என் அளவீடுகள் அந்தப் பிழையை அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அன்று ஒருவர் உட்கார்ந்து "ஏன் ஏறிக்கொண்டே போகிறது?" என்று கேட்டிருந்தால் போதும். நான் அங்கேயே கண்டுபிடித்திருப்பேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கணக்கில் எண்களைத் தொடுவதற்கு முன், என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தோன்றுவதை ஒரு வரி எழுதுங்கள். பிறகு படம், ஒவ்வோர் அம்புக்கும் பெயர், அப்புறம் சமன்பாடு. விடை அந்த முதல் வரியோடு முரண்பட்டால் அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள்; எது தவறு என்று பக்கத்தில் இருப்பவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். சுழற்சி இயக்கத்தில் மாட்டியிருக்கிறீர்கள் என்றால் எந்தக் கணக்கு என்று எழுதுங்கள், அதைத் தனியாகப் பார்ப்போம்.